விமல்ராஜ் தூக்கிய கை

சீருடையைக் கண்டால் விமல்ராஜின் இரண்டு கைகளும் தாமாகவே மேலே போய்விடும். ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடம். ஷிஃப்ட் முடிந்து வெளியேறும்போது செக்யூரிட்டி தடவிப் பார்ப்பதற்காகத் தினமும் தூக்கித் தூக்கி வந்த பழக்கம். கல்யாண மண்டபத்து வாட்ச்மேனுக்குக்கூடத் தூக்குவான்.

"இன்னாய்யா, சரண்டரா?" என்று மனைவி தேவிப்பிரியா இடுப்பில் இடிப்பாள்.

போன மார்ச்சில் ஒரு மாலை, வடக்குப்பட்டு அருகே போலீஸ் அவன் வண்டியை மறித்தது. செயின் அறுத்தவனுடையதும் அதே நிற வண்டியாம். காவலர் நெருங்கினார், கைகள் மேலே போயின. லத்தி இறங்கியதில் முழங்கை முறிந்தது. மறுநாளே உண்மையான திருடன் பிடிபட்டான். ஆனாலும் விமல்ராஜ் மேல் ஒரு வழக்கு பதிவாகியிருந்தது: காவலரை அடிக்கக் கை ஓங்கினான்.

வழக்கு நிலைத்தால் வேலை போய்விடும். அடித்த காவலர் மேல் தேவிப்பிரியா புகார் கொடுத்தாள். விசாரிக்க ஒரு பெண் டிஎஸ்பி வந்தார்.

"ஓங்கலன்னா கை ஏன் மேல போச்சு?"

"பழக்கம் மேடம்."

டிஎஸ்பி எழுதுவதை நிறுத்தி அவனைப் பார்த்தார். தேவிப்பிரியா அவன் பக்கமாக நகர்ந்து நின்றாள். தூக்காவிட்டால் வேலை இல்லை, தூக்கினால் அடி. இதை எந்தப் பாஷையில் சொல்லிப் புரியவைப்பது?

கம்பெனி கேட்டில் தினமும் அவனைத் தடவிப் பார்க்கும் செக்யூரிட்டி நாகப்பனிடம் போய் அழுதாள். அவர் நேரே டிஎஸ்பியிடம் போனார்.

"ரெண்டரைக்கு எங்க கேட்டாண்ட யூனிஃபார்மோட வந்து சும்மா நில்லுங்க மேடம். நான் வாயே தொறக்க மாட்டேன்."

டிஎஸ்பி வந்து நின்றார். ஷிஃப்ட் விட்டது. முதலில் வந்த பெண் அவரைப் பார்த்ததும் கை தூக்கினாள். அடுத்தவன் சாப்பாட்டுப் பையோடு தூக்கினான். பிறகு வரிசை முழுக்க.

"போம்மா... நீயும் போப்பா," என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் டிஎஸ்பி சிரித்தேவிட்டார். எதிர் டீக்கடையில் நின்ற தேவிப்பிரியாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அடுத்த மாதம் வழக்கைக் கைவிட்டார்கள். அடித்த காவலர் மேல் துறை விசாரணை தொடங்கியது. செய்தி வந்த அன்றைக்கு இரண்டாம் முறை சோறு கேட்டான் விமல்ராஜ். குழம்பை ஊற்றிவிட்டு அவள் அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கேட் விவகாரத்தை வெளியே கொண்டுபோனதற்காக நாகப்பனை செக்யூரிட்டி ஏஜென்சிக்காரர்கள் பிள்ளைப்பாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

"ஒரு எட்டு போய் அவரப் பாத்துட்டு வாய்யா. நன்றின்னு ஒரு வார்த்த சொல்லல நீ."

"இந்த ஞாயிறு ஓ.டி. போட்டுட்டாங்க. அடுத்த வாரம் கண்டிப்பா."

இது ஏழாவது ஞாயிறு.