வாலை வீசப் படித்த கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நான் ஒரு முட்டாள். அதிலும் சாதாரண ரகம் இல்லை. டிவிக்குள் ஓடுகிற காருக்காக வீட்டுத் தரையில் பிரேக் மிதித்து, வலது குதிகாலை வீங்க வைத்துக்கொண்ட ரகம். மருந்துக்கடைக்காரர், "எப்படிண்ணே அடிபட்டுச்சு?" என்று கேட்டார். "ரேஸ்ல" என்றேன். அவர் என் தொப்பையை ஒருமுறை பார்த்தார். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் தைலத்தை எடுத்து வைத்தார்.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஜீப் ஓட்டுவது என் பிழைப்பு. காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போவேன், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவேன். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளைக் கண்ணை மூடிக்கொண்டே ஓட்டுவேன் என்று பஸ் ஸ்டாண்டில் பீற்றிக்கொள்வதும் உண்டு. கேட்டவர்களில் சிலர் அப்புறம் என் ஜீப்பில் ஏறவில்லை என்பது வேறு விஷயம்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மச்சினன் ஒரு லீவுக்கு வந்தபோது கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு டிவியில் மாட்டிவிட்டான். அதில் ஒரு கார் ரேஸ். மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை, வளைவுக்கு மேல் வளைவு. என் மனைவி ஏலக்காய் கடையில் காய் தரம் பிரிக்கப் போகிறவள். பச்சை போன காய், வெடித்த காய் என்று பார்த்த மாத்திரத்தில் ஒதுக்குகிற விரல்கள். அந்த விரல்கள் கேம் ரிமோட்டைப் பிடித்ததும் என்ன நடக்கும் என்று என்னை யாரும் எச்சரிக்கவில்லை. ஒரே வாரத்தில் வளைவுக்கு வளைவு காரைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு, வாலை வீசிக்கொண்டு இறங்கினாள். அதற்குப் பெயர் டிரிஃப்ட் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள்.

அவளிடம் லைசென்ஸ் இருக்கிறது. சமவெளியில் ராசிங்காபுரம் வரை ஜீப்பை ஓட்டியும் இருக்கிறாள். மலைக்கு மட்டும் நான் சாவியைக் கொடுத்ததில்லை.

"மலைன்னா வேற சோலி புள்ள. பதினேழு வளைவு. பழக்கம் வேணும்ல?"

"ஓட்ட விட்டாத்தான பழக்கம் வரும்?"

இது எங்கள் வீட்டில் பல காலமாக நடந்துவரும் பேச்சு. அன்றைக்கு மச்சினன் நடுவில் புகுந்தான். "அக்கா, மச்சானை இந்தக் கேம்ல ஜெயிச்சுக் காட்டு. ஜெயிச்சா ஞாயித்துக்கிழமை போடிமெட்டுக்கு நீ ஓட்டு. தோத்தா இந்தப் பேச்சையே விட்ரு."

"டிவி வண்டியில எனக்குப் போட்டியா? வச்சுக்கிருவோம்" என்றேன். மீசையைத் தடவினேனா என்று ஞாபகம் இல்லை. தடவியிருப்பேன்.

தனியே உட்கார்ந்து பழகத் தொடங்கியபோதுதான் விபரீதம் புரிந்தது. டிரிஃப்ட் என்பது நான் வாழ்நாளெல்லாம் செய்யாமலிருக்கப் பாடுபட்ட காரியம். வேகமாக வந்து, வளைவில் ஒடித்து, ஹேண்ட் பிரேக்கைத் தட்ட வேண்டும். வண்டியின் பின்பக்கம் வெளியே வழுக்கும். வழுக்கும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, ஆக்ஸிலேட்டரை விடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். வண்டி வழுக்கினால் காலை எடு என்றுதான் என் உடம்புக்குத் தெரியும். ரிமோட்டில் கட்டைவிரல் ஆக்ஸிலேட்டர் பட்டனை விட்டுவிடும், கால் தரையை ஓங்கி மிதிக்கும், கார் பம்பரம்போலச் சுற்றிப் பாறையில் முட்டி நிற்கும். போதாக்குறைக்கு ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் ஹாரன் பட்டனைத் தேடினேன். அந்தக் காரில் ஹாரனே இல்லை. ஹாரன் இல்லாமல் ஒரு மனிதன் எப்படி மலை இறங்குவான்?

"மச்சான், எதுக்கு உடம்பைச் சாய்க்கிறீக? சோபா விழுந்துரும்" என்பான் மச்சினன்.

"பின்சீட்டுல ஆளு இருக்குடா மாப்ளே, பழக்கம்."

கடைசியில் காலைச் சம்மணம் போட்டு மடக்கி, மேலே துண்டால் இறுக்கிக் கட்டினேன். கால் அடங்கியதும் விரலும் அடங்கிற்று. ஒரு மத்தியானம், வளைவில் கார் வாலை வெளியே வீசி, டயரில் புகை கக்கிக்கொண்டு, ரோட்டைவிட்டு விலகாமல் திரும்பியது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு பாய் ஓடிவந்து, "மாப்ளே, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். காலில் துண்டோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

போட்டி சனிக்கிழமை சாயங்காலம். டிவித் திரை இரண்டாகப் பிரிந்தது. மேலே என் கார், கீழே அவள் கார். பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்கு நான் அற்புதமாக ஓட்டினேன். வளைவுக்கு வளைவு வால் வீச்சு. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். அவளுக்கு இது விளையாட்டே இல்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது. மச்சினன்கூட, "அக்கா, போச்சுக்கா" என்றான்.

கடைசி வளைவு. எதிரே, கீழேயிருந்து லோடு ஏற்றிய லாரி ஒன்று முக்கி முனகி ஏறி வந்தது.

எங்கள் மலையில் ஒரு முறை உண்டு. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி நின்று வழிவிட வேண்டும். லோடு வண்டி ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது பெரும்பாடு. இதெல்லாம் நான் யோசித்துச் செய்ததாக நினைக்காதீர்கள். விரல் தானாக எழுந்தது. கார் இடது ஓரமாக ஒதுங்கி, மரியாதையாக நின்றது. கையைக்கூட அசைத்தேன், "வா வா" என்று.

லாரிக்கும் எனக்கும் நடுவே இருந்த சந்தில் அவள் கார் வாலை வீசியபடி நுழைந்து, முடிவுக் கோட்டைத் தாண்டிப் போனது.

மச்சினன் தரையில் புரண்டு சிரித்தான். "மச்சான், அந்த லாரியில டிரைவரே கெடையாது! யாருக்கு நின்னீக?"

அவள் சிரிக்கவில்லை. ஆணியில் தொங்கிய ஜீப் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் சீட்டை முன்னால் தள்ளி, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பி, ஜீப்பை ஸ்டார்ட் செய்துவிட்டாள். பக்கத்து சீட்டில் மச்சினன். நான் ஓடிப்போய்க் கதவைப் பிடித்தேன்.

"மாப்ளே, எந்திரி. புள்ள, நான் பக்கத்துல இருந்து சொல்றேன். அடிவாரத்துல முந்தல் தாண்டுனதும் ரெண்டாவது கியரு, வளைவுல பதறாத, நான் சொல்லும்போது..."

கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"பின்னாடி ஏறுங்க."