நெஸ்டா வாய் திறக்காத திங்கட்கிழமை

கிளினிக் வரவேற்பு மேசையில் தொலைபேசி மணி அடித்தால் நெஸ்டா உடனே எடுக்கமாட்டாள். முதலில் காத்திருப்போர் பக்கத்துக் கண்ணாடியை இழுத்துச் சாத்துவாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டுதான் 'ஹலோ' என்பாள். கூப்பிட்டவர் பெயர் அவள் வாயிலிருந்து வராது. வேல்ஸ் மலையடிவாரத்து அந்தச் சின்ன ஊரில் ஒரு பெயர் கசிந்தால் போதும், மாலைக்குள் பேச்சு நோய் வரைக்கும் போய்விடும்.

அந்தத் திங்கட்கிழமை கூப்பிட்டவள் லோவ்ரி. பள்ளியில் இருவரும் ஒரே பெஞ்சு.

"அப்பா கிளினிக்குக்கு வந்தாராடி?"

லோவ்ரியின் அப்பா எம்லின் முப்பது வருஷம் ஊர்ப் பேருந்தை ஓட்டியவர். ஓய்வு பெற்றும் 'பஸ் எம்லின்'தான். யார் வீட்டு வயிற்றுவலிப் பேச்சு எந்த நிறுத்தத்தில் ஏறி எதில் இறங்கியது என்று முதுகால் கேட்டுக்கொண்டே ஓட்டியவர். தன் உடம்புக் கதையும் அப்படிப் பயணம் போகும் என்று பயந்தே டாக்டர் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. மூன்று வருஷமாக அவர் வரவில்லை என்பது நெஸ்டாவுக்குத் தெரியும்.

"வந்தாரு, வரலைன்னு எதுவுமே நான் சொல்லக்கூடாது."

"என் கல்யாணத்துல கவுன் வாலைத் தூக்கிட்டு வந்தவடி நீ!"

"வாலைத் தூக்குனா வாயத் திறக்கணுமா? அவரு சம்மதம்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும், ஒரு மணி நேரம் பேசறேன்."

"அவருக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?" லோவ்ரி கெஞ்சினாள்.

'வரவில்லை' என்ற ஒரு சொல்தான். நெஸ்டா அதை விழுங்கினாள்.

"நான் சொல்லத்தான் கூடாது. நீ சொன்னா கேட்டுக்கலாம், டாக்டர்கிட்ட சேத்துடறேன். ஆனா அப்பா கேட்டா, நீதான் சொன்னேங்கறத மறைக்கமாட்டோம்."

இருமலையும், இடுப்பில் நிற்காத கால்சட்டையையும் லோவ்ரி சொல்லச் சொல்ல நெஸ்டா எழுதிக்கொண்டாள்.

"கல்லு மாதிரியே இரு," என்று லோவ்ரி வைத்துவிட்டாள். நெஸ்டா எழுதிய தாளை டாக்டர் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

வியாழக்கிழமை கண்ணாடிக்கு வெளியே எம்லின் நின்றார்.

"டாக்டரப் பாக்கணும். எதுக்குன்னு இங்க ஏலம் போடமாட்டேன்."

"வேண்டாம் மாமா. தாள்ல எழுதிக் குடுங்க."

என்ன நோய் என்று நெஸ்டா இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. நேரத்தோடு பிடித்துவிட்டார்கள், பிழைத்துக்கொண்டார். அதுமட்டும் ஊரே கண்ணால் பார்ப்பது.

மறு வருஷம்தான் லோவ்ரி உண்மையைச் சொன்னாள். அந்தத் திங்கட்கிழமை போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னதே எம்லின். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டிருக்கிறார்.

"நெஸ்டா ஒரு வார்த்தை விட்டாலும் டாக்டர்கிட்ட போகமாட்டேன், விடலைன்னா போறேன்னாரு. நல்லா கெஞ்சிப் பாருன்னதும் அவருதான். நீ எங்க சொல்லிடுவியோன்னு பயந்துக்கிட்டேதான்டி அவ்வளவு கெஞ்சினேன்."