நாங்கள் கைதட்டிய பேச்சு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கம். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து, திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளி விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியின் தமிழ்ப் பேச்சு மன்றத்துக்கு அந்த வருடம் நான்தான் செயலாளர். பதவி கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கோயில்கள் எல்லோருக்கும் திறக்கப்பட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் விடுதியிலும் முதல் முறையாகத் தாழ்த்தப்பட்ட சாதிப் பையன் ஒருவனைச் சேர்த்திருந்தார்கள். அவனுடைய அப்பாவுக்கு வித்துராவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் வேலை. எங்களோடு ஒரே பந்தியில்தான் சாப்பிட்டான். அது பிடிக்காமல் சில வீடுகளிலிருந்து வார்டனுக்குக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

மன்றத்துக்குக் கூட்டமே சேரவில்லை. காரசாரமாக ஏதாவது இருந்தால் வருவார்கள் என்று நானே தலைப்பு வைத்தேன்: 'விடுதியில் பொதுப்பந்தி வேண்டாம்.' யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம். கடைசியில், நன்றாகப் பேசியவர் பக்கம் கை தூக்குவோம். அவரவர் சொந்தக் கருத்துக்கு அங்கே இடமில்லை.

பொதுப்பந்தி வேண்டாம் என்று பேசும் சீட்டு அவனுக்கு விழுந்தது.

சனிக்கிழமை காலையில் என்னைத் தேடி வந்தான். "அண்ணே, எனக்கு மட்டும் சீட்டை மாத்தித் தரணும். இதை என் வாயால எப்படிண்ணே பேசுவேன்?" என்றான். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று விறைப்பாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். பாரபட்சம் காட்டாதவன் என்று எனக்குள் பெருமை வேறு.

சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. தயங்கித் தயங்கித்தான் தொடங்கினான். பிறகு பேச்சு சூடுபிடித்தது.

"எச்சில் இலை எடுக்குத ஆளுகூட என் இலையத் தொடமாட்டாரு. நானேதான் எடுத்துப் போடுதேன். அவருக்கு எதுக்கு இந்தச் சங்கடம்? என்னத் தனியா உக்கார வச்சா எல்லாருக்கும் சோறு நிம்மதியா இறங்கும்லா?" என்று சிரித்த முகத்தோடு கேட்டான்.

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் தன் கதையைத்தான் சொல்கிறான் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

அவன் பேசி முடித்ததும் எல்லோரும் கைதட்டினோம். ஏறக்குறைய எல்லாக் கைகளும் அவன் பக்கம் உயர்ந்தன. அவற்றில் எத்தனை பேச்சுக்காக, எத்தனை மனதார என்று எனக்கு இன்றும் தெரியாது. என் கை பேச்சுக்காகத்தான். குறிப்பேட்டில், 'பொதுப்பந்தி வேண்டாம் என்ற தீர்மானம் பெருவாரியான வாக்குகளால் நிறைவேறியது' என்று ஆடம்பரமாக எழுதி, வழக்கம்போல் வார்டனிடம் கையெழுத்துக்குக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் அவனுடைய இலையை, விறகு அடுக்கியிருந்த பின்தாழ்வாரத்தில் போட்டிருந்தார்கள். பதறிப்போய் வார்டனிடம் ஓடினேன். அது வெறும் பேச்சுப் பயிற்சி, யாரும் மனதில் நினைத்ததைச் சொல்லவில்லை என்றேன். அவர் குறிப்பேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"பிள்ளைங்க எல்லாருமா தீர்மானிச்சது. பேசினதும் அவன்தானே. பின்னே நான் என்ன செய்யறது?"

அன்று நானும் என் இலையை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம். வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று பயம். என் இடத்திலேயே உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் அவன் அங்கே சாப்பிட்டான். பிறகு ஒரு காலையில் டிரங்குப் பெட்டியோடு கிளம்பிவிட்டான். வாசல்வரை கூடவே போனேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

"நான் பேசினது நெசம்னு உங்களுக்குத் தெரியலியாண்ணே?" என்று மட்டும் கேட்டான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவே இல்லை.

அவன்மேல் எனக்குத் துளி வெறுப்பும் இருந்ததில்லை. கைதட்டிப் பாராட்டியே ஒருவனுடைய படிப்பைப் பறித்துவிட்டேன் என்று நினைக்கும்போது, இந்த வயதிலும் சோறு தொண்டையில் நின்றுவிடுகிறது.