படகுக்குப் போட்ட வீட்டு பிளான்

நல்லேப்பிள்ளியில் முப்பது வருடமாக வீட்டு பிளான் வரைந்து கொடுப்பது என் தொழில். கோட்டில் கறார், வாயில் அதைவிடக் கறார். பெர்மிட்டுக்குப் போன என் பிளான் எதுவும் பஞ்சாயத்திலிருந்து திரும்பி வந்ததில்லை என்ற கர்வம் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்று நான்தான் சொல்கிறேன், வீட்டில் வேறு அளவு சொல்வார்கள்.

போன மாசியில் சின்னக்கானலிலிருந்து தங்கை போன் செய்தாள். அவள் வீட்டுக்காரர் அங்கே தேயிலை எஸ்டேட்டில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்து மேனேஜர் ஒருவருக்கு அணையில் பாய்மரப் படகு விடுகிற பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப் ஓட்டிக்கொண்டு போகிற மாப்பிள்ளையே படகிலும் ஏறி முன்பாயின் கயிற்றைப் பிடிப்பார். மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது படகை இவருக்கே கொடுத்துவிட்டார். பதினெட்டு அடி நீளம். அன்று முதல் எஸ்டேட் ஷெட்டில்தான் கிடக்கிறது. இப்போது மழைக்கு முன் ஷெட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். படகைச் சரிசெய்து எடுத்துப் போகாவிட்டால் தேயிலை பாக்டரி பாய்லருக்கு விறகாகிவிடும்.

கொச்சிப் பக்கமிருந்து படகு கட்டும் ஆசாரி ஒருவர் வந்து பார்த்தாராம். பலகைகள் உளுத்துவிட்டன, கழற்றினால் வடிவம் போய்விடும், பிளான் இருந்தால் தொடுகிறேன், இல்லாவிட்டால் தொடமாட்டேன் என்று சொல்லிப் போய்விட்டார். மாப்பிள்ளை எஸ்டேட் ஆபீஸ் அலமாரிகளைத் துழாவினார். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களின் பிளான் கிடைத்தது, கக்கூஸ் பிளான்கூடக் கிடைத்தது, படகினுடையது மட்டும் இல்லை.

"நீ ஒண்ணு வரஞ்சு குடு அண்ணா. அவரு சரியாச் சோறுகூட உங்கறதில்ல," என்றாள் தங்கை.

படகு என்றால் எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் தெரியாது என்று சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. மலையேறிப் போனேன். முனையிலிருந்து பின்பக்கம்வரை நூல் கட்டி, ஓரடிக்கு ஓரிடம் குறித்து, தூக்குக்குண்டு விட்டு ஒவ்வோர் இடத்திலும் அகலத்தை எடுத்தோம். மாப்பிள்ளை டேப்பைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். இரண்டு நாளில் வேலை முடிந்தது. அந்த இரண்டு நாளும் அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

ஊருக்கு வந்து பெரிய தாளில் புள்ளி வைத்தேன். வளைவைப் போட, மெல்லிய குச்சி ஒன்றைப் புள்ளிகளோடு வளைத்துப் பார்க்கும்படி போனில் சொல்லியிருந்தார் ஆசாரி. எனக்கு அகப்பட்டது விளக்குமாற்று ஈர்க்குச்சி. எல்லா இடத்திலும் ஒழுங்காகப் படிந்த குச்சி, நடுவில் மட்டும் அடம்பிடித்தது. புள்ளிகளை அப்படியே சேர்த்தால் படகின் விலாவில் மாட்டுக்குத் திமில் வைத்த மாதிரி ஒரு மேடு. இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். எனக்குக் கோபம் வந்தால் யோசனை பின்னால்தான் வரும். போனை எடுத்தேன்.

"ஏனுங்க மாப்ள, டேப்ப லூசாப் புடிச்சுப்போட்டீங்களாட்ட இருக்குது. ஒரு அளவுகூட ஒழுங்காப் பாத்துச் சொல்ல முடியாதுங்களா?"

அவர் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை நோட்டையும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நடுவே, மிக அகலமான இடத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் அளவு. நோட்டில் இரண்டுமே ஏழடி. தாளில் இரண்டுமே ஆறடி பத்தங்குலம். கையெழுத்து என்னுடையது.

ஏழடி அறையில் தரித்திரம் குடியேறும் என்று மனையடி பார்ப்பவர்கள் சொல்வார்கள். வீடு கட்டுகிறவர்கள் கேட்பதற்கு முன்பே ஏழடி வந்தால் இரண்டு அங்குலம் குறைத்துப் போடுவது என் வழக்கம். முப்பது வருடப் பழக்கம், என்னைக் கேட்காமலே கை அதைச் செய்திருக்கிறது.

உடனே போன் செய்தேன். மாப்பிள்ளை ஷெட்டில் இருந்தார்.

"நேத்துலேர்ந்து மூணு வாட்டி அளந்துட்டேன் மச்சான். ஏழடிதான் வருது. எனக்குத்தான் கண்ணு சரியில்லையோ என்னமோ. கண்ணாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டு வந்து இன்னொருக்கா அளக்கேன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். படகில் யார் குடித்தனம் வைக்கப் போகிறார்கள் என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். அவர் சிரிக்க எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஏழடியை ஏழடியாகவே போட்டதும் ஈர்க்குச்சி சொன்னபடி கேட்டது. தாளை எடுத்துக்கொண்டு மறுபடி மலையேறினேன். ஆசாரியும் வந்திருந்தார். வளைவின் மேல் விரலை மெதுவாக ஓட்டிப் பார்த்தார், பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பி, வருகிற வாரம் ஆட்களோடு வருவதாகச் சொன்னார்.

ஆசாரி போன பிறகு மாப்பிள்ளை தாளை மடிக்காமல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் பிளான்களில் வலது மூலையில் வரைந்தவர் என்று என் பெயர் மட்டும்தான் இருக்கும். இதில் அதற்கு மேலே ஒரு வரி சேர்த்திருந்தேன். அளந்தவர் என்று போட்டு அவர் பெயர். அவர் அதன்மேல் விரலை வைத்தார்.

"எஸ்டேட்ல இத்தன வருசம் இருந்தேன் மச்சான். எம்பேர எந்தக் காயிதத்துலயும் மேல போட்டதில்ல."