பாதிக் கயிறு அவளுடையது

என் வீட்டுக்காரருக்குச் சொந்தமாக ஒரு படகு இருந்தது. மீன் பிடிக்கிற படகென்று நினைத்துவிடாதீர்கள். அதிலிருந்து ஒரு மத்திகூட எங்கள் சட்டிக்கு வந்ததில்லை. சும்மா ஏறி, சும்மா சுற்றி, சும்மா இறங்குகிற படகு. ஒரு பாய் உண்டு, மூன்று பேர் உட்காரலாம். அவர் மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டர் சனிக்கிழமைகளில் பூவாற்றுக் காயலில் அந்தப் படகை ஓட்டும்போது கூடப் போய்க் கயிறு இழுத்துக் கொடுத்தவர் இவர்தான். டாக்டர் தன் தேசத்துக்குத் திரும்பும்போது படகை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு தையல் மிஷினைக் கொடுத்திருந்தால் என்ன குறைந்தா போயிருப்பார்?

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. பிறந்த வீடு குழித்துறைப் பக்கம், வாழ வந்தது பாறசாலைப் பக்கம். தமிழ் பேசும் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. இன்றைக்கு ஊர்வலம், நாளைக்குக் கடையடைப்பு, மறுநாள் பஸ் கிடையாது என்று நாட்கள் போகும். என் அண்ணன்மார் கொடி பிடித்தார்கள், அடியும் வாங்கினார்கள். பெரியண்ணன் தலையில் கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, "மாப்பிள, நீரு எந்தப் பக்கமாக்கும்?" என்று நேராகவே கேட்டான்.

இவர் கட்டை அவிழ்த்து மருந்து வைத்துக்கொண்டே, "ரெண்டு பக்கமும் நம்ம ஆளுகதானே" என்று சிரித்தார்.

அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ பெருமையாக இருந்தது. சண்டை சச்சரவுக்குப் போகாத மாப்பிள்ளை கிடைத்தது கர்த்தருடைய கிருபை என்று அம்மா அடிக்கடி சொல்வாள். நானும் ஆமென் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷ மழையில் படகு கொட்டகைக்குள்ளேயே கிடந்தது. கயிறெல்லாம் இற்றுப்போய், மிச்சத்தை எலி கடித்துவிட்டது. பாய்மரத்தை இடமும் வலமும் இழுத்துக் கட்டுகிற கயிறுகள் இரண்டு, பாயை மேலே ஏற்றுகிற கயிறு ஒன்று, காற்றுக்குத் தக்கபடி பாயைக் கையில் பிடித்துக்கொள்கிற கயிறு ஒன்று. நாலையும் மாற்ற வேண்டும் என்றார். மாற்றிக்கொள்ளட்டுமே, எனக்கென்ன வந்தது? ஆனால் அடுத்த வார்த்தை வந்தது பாருங்கள்.

"குளத்தூருல மாமா வீட்டுல கேட்டா நல்ல கயிறு கிட்டும்."

குளத்தூர் மாமா வீட்டில் கயிறு திரிக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். அந்த மாமாவுக்கு ஒரு மகள் உண்டு, இவருக்கு முறைப்பெண், இன்னும் கல்யாணமாகாதவள் என்பதும் ஊருக்கே தெரியும். என் கல்யாணப் பந்தியில் இரண்டு பெண்கள் என் காதுபடவே, "குளத்தூர்க் குட்டிதான் வருவாண்ணுல்லா நெனச்சோம்" என்று பேசிக்கொண்டார்கள். பருப்பும் பப்படமும் இலையிலேயே இருந்தன. ஒரு வாய் இறங்கவில்லை எனக்கு.

"நானும் வாறேன்" என்றேன்.

"கயிறு வாங்க நீ என்னத்துக்கு?"

"கயிறு பாக்கத்தான்."

போனோம். தேங்காய்த் தொண்டு அழுகுகிற நாற்றம் தெரு முனையிலேயே மூக்கைப் பிடித்தது. ராட்டுச் சக்கரம் ஒரு மூலையில் சுற்ற, பெண்கள் இடுப்பில் நாரைச் செருகிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து திரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அதட்டிக்கொண்டு நடுவில் நின்றாள் அவள். பார்க்க ஒன்றும் பெரிய அழகில்லை என்று என்னிடம் சொன்னவர்கள் நாக்கு அழுகிப்போக! நிமிர்ந்த நடையும், முழங்கை வரை நாரும் தூசியும், அதோடு ஒரு சிரிப்பும். என்னைப் பார்த்ததும், "வாருங்க அக்கா" என்றாள்.

முறை சரிதான். அத்தான் பெண்டாட்டி அக்காதானே. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரே ஆணைக் கட்டிக்கொள்ள உரிமையுள்ள இருவர்தான் முறைப்படி அக்காளும் தங்கச்சியும். எந்தக் காலத்துக் கிழவன் இந்த முறைகளை ஏற்படுத்தி வைத்தானோ, என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி.

கயிறு பார்க்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சுருளாக அவள் இழுத்துப் போட, இவர் முகர்ந்தார், நகத்தால் அழுத்தினார், முறுக்கைப் பிரித்தார். அவள் ஒரு முனையையும் இவர் மறு முனையையும் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். இரண்டு தலையும் ஒரே சுருளின்மேல் குனிந்திருந்தன. எனக்குக் கல்யாணப் பட்டு எடுக்கப் போன அன்று இதே மனுஷன் கடைக்கு வெளியே நின்று எவனோடோ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எந்த நிறம் என்று கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். கயிறு என்றதும் கண், மூக்கு, விரல் எல்லாம் முளைத்துவிட்டது.

"மூணுக்கும் நம்ம கயிறே மதி அத்தான், வேற வேண்டாம்" என்றாள் அவள். "உப்பு வெள்ளத்துல கெடந்தாலும் ஒண்ணும் செய்யாது. கையில பிடிக்கியது மட்டும் பஞ்சுக் கயிறு வாங்குங்க. ஒங்க கை மெதுவாக்கும். தோலு உரிஞ்சு போவும்."

ஒங்க கை மெதுவாக்கும்! அந்தக் கை மெதுவா முரடா என்று சொல்ல இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் பாத்தியதை உண்டு. அந்த ஒருத்தி, அதாவது நான், ஓரத்தில் ஒரு நார்க்கட்டின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

இவர் சும்மா இருந்தாரா? "அண்ணைக்கு டாக்டரம்மாகூட நீ படகுல வந்தப்ப ஒன் கையை அறுத்துச்சே, ஓர்மை உண்டா?" என்று கேட்டார். அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். இவர் குனிந்து பார்த்தார்.

ஆக, ஏறியிருக்கிறாள். தாலி கட்டின நான் அந்தப் படகைக் கொட்டகைக்குள் கவிழ்ந்து கிடக்கிற கோலத்தில்தான் பார்த்திருக்கிறேன். இவள் அதில் ஏறி, கயிறு பிடித்து, கையையும் அறுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.  இனி அவள் கயிறு கட்டின படகில் இவர் போனால் காயல் முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு போன மாதிரிதானே?

எழுந்தேன். "கயிறு எங்க ஊருல இருந்து நான் வாங்கித் தாறேன். மார்த்தாண்டம் சந்தையில இல்லாத கயிறா?"

அவள் இவரைப் பார்த்தாள். இவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அதும் செரிதான்" என்றார். திரும்பும்போது அவள் கயிற்றிலும் ஒரு சுருள் இவர் தோளில் இருந்தது.

அந்த வாரமே பிறந்த வீட்டுக்குப் போனேன். சந்தையில் கடையடைப்பு. தெரிந்த ஒரு கடைக்காரர் எனக்காகக் கடைப்பலகையில் ஒன்றை மட்டும் நகர்த்தினார். உள்ளே புகுந்து பஞ்சுக் கயிறாகத் தேடி எடுத்தேன். வெள்ளைவெளேரென்று, தொட்டால் பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி இருந்தது. நார் குத்தாது, நாற்றம் கிடையாது.

"காளைக்கா அம்மா?" என்று கேட்டார்.

"மாப்பிளைக்கு" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில், வெளியே போலீஸ்காரன் திரும்பிப் பார்த்தான்.

இப்போது வீட்டில் இரண்டு சுருள் கிடந்தன. ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. இவர் வேலை முடிந்து வந்து இதை ஒரு தடவை தொடுவார், அதை ஒரு தடவை தொடுவார். எதைக் கட்டப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். கடைசியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார். பாய்மரத்துக்கு இடது பக்கம் அவள் கயிறு, வலது பக்கம் என் கயிறு. பாயை ஏற்றுவது அவளுடையது, கையில் பிடிப்பது என்னுடையது.

"யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாமே" என்றார்.

கோடு போட்டு ஊரைப் பங்கு வைக்கலாம் என்று மேலே இருக்கிறவர்கள் பேசிக்கொண்டிருந்த நாளில், எங்கள் வீட்டில் பங்குவைப்பு முடிந்துவிட்டது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "மொதல்ல ஒங்ககூட நானாக்கும் ஏறுவேன்."

"பின்ன, ஏறேன்" என்றார்.

அது போதும் என்று இருந்தது எனக்கு. கயிறு பாதி போனாலும் போகட்டும், முதல் சவாரி எனக்கு. அதை அவள் கரையில் நின்று பார்க்க வேண்டும். அவள் வரவேண்டுமே என்று அன்றைக்கு நான் ஜெபம்கூடப் பண்ணினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்தாள். மாமாவும் வந்திருந்தார். நான் கல்யாணப் பட்டையே உடுத்திக்கொண்டு போயிருந்தேன். படகில் ஏறி உட்கார்ந்து, கரைக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டேன். பாய் ஏறியது, காற்றும் பிடித்தது. கையில் பிடிக்க வேண்டிய என் கயிற்றைக் கட்டையில் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு இவர் துடுப்பைப் பிடித்தார். ஐயோ, அந்தக் கொஞ்ச நேரம்! இந்த மனுஷன் ஏன் படகு படகு என்று சாகிறார் என்று எனக்கும் புரிந்தது. கரையில் அவள் சின்னதாகிக்கொண்டே போனாள். அதுவும் நன்றாக இருந்தது.

பிறகு மழை வந்தது. பெரிய மழை இல்லை, ஒரு பாட்டம். அது போதுமாக இருந்தது. பஞ்சுக் கயிறு நனைந்தால் இறுகும், தொண்டுநார்க் கயிறு இழுத்தால் நீளும். வலது பக்கம் இறுக, இடது பக்கம் நெகிழ, பாய்மரம் மெல்ல மெல்ல வலது பக்கமாகச் சாய்ந்தது. உலகத்தில் வேறெந்தப் படகுக்காரனாவது பெண்டாட்டிக்கு ஒரு பக்கம், முறைப்பெண்ணுக்கு ஒரு பக்கம் என்று கயிறு கட்டியிருப்பானா?

கரையில் மாமா, "எலே, மரம் சரியுது! பாயை விடுலே!" என்று கத்தினார்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். "பாத்தியளா, எங்க பக்கமாக்கும் சாயுது!" என்றேன்.

இவரோ கட்டையில் போட்ட முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தார். நனைந்த பஞ்சில் விழுந்த முடிச்சு, கல்லாக இறுகிவிட்டது. பாயைத் தளர்த்த முடியவில்லை. அடுத்த காற்றில் படகு எங்களை வழித்து வெளியே ஊற்றிவிட்டுப் படுத்துக்கொண்டது.

மார்பளவு தண்ணீர்தான். ஆனால் சேறும், ஆறு கெஜப் பட்டும் சேர்ந்து என்னை உட்கார வைத்தன. இடுப்பு முண்டைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வந்து என் கையைப் பிடித்து இழுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அவளேதான்.

அவள் வீட்டில், அவள் அறையில், அவள் தந்த துவர்த்தால் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றேன். அவளுடைய முண்டும் ஜம்பரும் எனக்கு அளவாகவே இருந்தன. அதுவும் பிடிக்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு, "அக்கா, ஒண்ணு கேட்டா கோவிக்கப்பிடாது. அத்தானை நான் கொத்திட்டுப் போயிருவேண்ணு பயமா?" என்றாள்.

"பயமா? எனக்கா?" என்றேன். பல் தந்தியடித்தது. குளிரென்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒங்க கல்யாணத்துக்கு முந்தி அத்தானுக்க அம்மை வந்து பொண்ணு கேட்டாவ. நாந்தான் வேண்டாம்ணு சொன்னேன்."

நியாயமாக எனக்கு மனம் குளிர்ந்திருக்க வேண்டும். கல்யாண நாளிலிருந்து நெஞ்சில் கிடந்த முள் அதோடு போயிருக்க வேண்டும். ஆனால் எனக்கு வந்தது அடங்காத ஆத்திரம். நான் ராவும் பகலும் காவல் காத்த பண்டம், இவள் வேண்டாமென்று ஒதுக்கி வைத்ததா?

"ஏன்? எங்க ஆளுக்கு என்ன கொறையக் கண்டே?" என்று சீறினேன்.

"கொறை ஒண்ணும் இல்ல. நல்ல மனுஷன். யாருக்கும் பொல்லாப்பு வேண்டாம்ணு எல்லாருக்கும் பாதிப் பாதியா வைப்பாரு." ஈரப் பட்டை உதறி ஜன்னலில் விரித்துக்கொண்டே சொன்னாள். "எனக்குப் பாதி காணாது அக்கா."

  அவள் சொன்னது பொய் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது.

பஸ் ஓடவில்லை. நடந்துதான் திரும்பினோம். அவிழ்த்தெடுத்த கயிறுகளை ஒரு தோளில் மஞ்சளும் மறு தோளில் வெள்ளையுமாகப் போட்டுக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரம் போனதும், "அவ என்ன சொன்னா?" என்று கேட்டார்.

"துணி காஞ்ச பெறவு திருப்பித் தரச் சொன்னா."

அதற்குமேல் என்னால் நடக்க முடியவில்லை. நடுவழியில் நின்றேன். "இனி நாலும் ஒரே கயிறாக்கும். எதுண்ணு நீங்க சொல்லணும்."

"ரெண்டும் நல்ல கயிறுதான்..."

"ரெண்டும் இல்ல. ஒண்ணு. சொல்லிட்டு நடங்க. இல்லேண்ணா நான் இஞ்சதான் நிப்பேன்."

சிரித்துப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. முன்னால் ஒரு தடவை பார்த்தார், வந்த வழியை ஒரு தடவை பார்த்தார். தெரிந்தவர்கள் இரண்டு பேர் சைக்கிளில் கடந்து போனார்கள்.  மஞ்சள் சுருளைத் தோளிலிருந்து இறக்கி என் முன்னால் நீட்டினார்.

"இது. அவளுக்க கயிறாக்கும் நல்லது. நீ வாங்கினது படகுக்கு ஆவாது."

சிரிக்காமல், நேரே என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயால் முழுசாக ஒரு பதில் வந்தது அன்றைக்குத்தான். கேட்டு, வழிமறித்து, பிடுங்கி வாங்கினவள் நான். அது போய்ச் சேர்ந்தது அவளுக்கு. வெள்ளைச் சுருளை அவர் தோளிலிருந்து இழுத்து என் தோளில் போட்டுக்கொண்டு, அவளுடைய முண்டையும் உடுத்திக்கொண்டு, முன்னால் நடந்தேன். அந்த வயிற்றெரிச்சல் இன்றுவரை எனக்கு அடங்கவில்லை.