தீயை மூடு

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆங்கில இலக்கியம், இரண்டாம் ஆண்டு. நூலகத்தில் ஒரு தடித்த அகராதி உண்டு. எந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அதில் போட்டிருக்கும். படித்ததை ஆரப்பாளையத்தில் எங்கள் இட்லிக் கடைக்கு வந்து ஒப்பிப்பேன். துணை என்கிற ‘கம்பேனியன்’ என்ற சொல்லுக்கு, ஆதியில் கூட உட்கார்ந்து ரொட்டி தின்கிறவன் என்று அர்த்தம் என ஒருநாள் சொன்னேன்.

“இதச் சொன்னா இட்லி வேகுமாத்தா?” என்றார் அப்பா. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சுருக்கென்றது. மறுநாளும் சொன்னேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சாயங்காலம் ஊருக்குள் கலவரம். பஸ்கள் நின்றுவிட்டன. பேரையூர் போகவேண்டிய ஒரு அக்கா கைக்குழந்தையோடு எங்கள் கடைக்குள் ஒதுங்கினார். போலீஸ் வேன் மைக்கில் கர்ஃபியூ என்று அறிவித்துக்கொண்டே போனது. கடைகளை உடனே மூட வேண்டுமாம்.

அப்பா ஷட்டரை இறக்கிவிட்டுச் செம்புத் தண்ணீரை எடுத்தார். விறகைத் தண்ணீர் தெளித்து அணைத்து, கரியை இஸ்திரிக்காரருக்குக் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். குழந்தை வீறிட்டது.

“பால் மாவு இருக்கு, ஒரு தம்ளர் வெந்நிதேன் வேணும்…” என்று இழுத்தார் அந்த அக்கா.

அணைத்தால் போச்சு. மறுபடி பற்றவைத்தால் புகை தெருவுக்கே தெரியும். நான் அப்பாவின் கையைப் பிடித்தேன்.

“ஊத்தாதீங்கப்பா. கர்ஃபியூங்குறது பிரெஞ்சுலருந்து வந்தது. தீய மூடுன்னு அர்த்தம். அங்க அந்தக் காலத்துல பொழுதடையவும் மணி அடிப்பாக. வீடு பத்திக்கிறாம இருக்க எல்லாரும் அடுப்ப மூடிருவாக. மூடுனாப் போதும்ப்பா.”

“போலீஸ்காரன் வந்தா அவன்ட்டயும் பிரெஞ்சு பேசுவியா?”

கேட்டாரே தவிர, செம்பைக் கீழே வைத்துவிட்டார். விறகை வெளியே இழுத்துப் போட்டு, கங்கின் மேல் சாம்பலைக் குவித்தோம். தெருவில் பூட்ஸ் சத்தம் கடந்து போகும்வரை அந்த அக்கா குழந்தையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு சாம்பலை விலக்கினேன். கங்கு சிவப்பாகவே இருந்தது. புகையில்லை. சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தேன்.

பால் உள்ளே போனதும் குழந்தை அடங்கியது.

“அந்த ஊருப் பொம்பளைகளும் சாம்பலத்தேன் போடுவாகளா?” என்று கேட்டார் அக்கா.

அகராதியில் அந்த அளவுக்கு இல்லை. “இருக்கும்க்கா” என்றேன்.

அப்பா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “இட்லி வேகாட்டியும் வெந்நி காஞ்சிருச்சு. வேற என்னாத்தா வச்சிருக்க, சொல்லு.”

விடிந்து பஸ் ஓடும்வரை குழந்தையோடு நாங்கள் மூவரும் அந்தக் கடைக்குள்தான் இருந்தோம். என்னிடம் வார்த்தை தீரவில்லை.