நாகலெட்சுமியின் ஊசிக் கதை

நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து எடுக்க மலைக்கு ஏறினால் நாகலெட்சுமிக்குப் பக்கத்து நிரையைப் பிடிக்கத்தான் போட்டி. அந்த நிரையில் கொழுந்து அதிகம் என்பதால் இல்லை. அவள் பேச ஆரம்பித்தால் நேரம் போவது தெரியாது, இடுப்பு வலிப்பது தெரியாது, அட்டை கடிப்பதுகூடத் தெரியாது. சாவு வீட்டில் நடந்ததைச் சொன்னாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வைப்பாள். கங்காணி வீரய்யா முகத்தை வேறு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு காதை மட்டும் இங்கே கொடுத்திருப்பார். அவள் சொல்வதில் பாதி பொய் என்று எல்லோருக்கும் தெரியும். எந்தப் பாதி என்பதுதான் யாருக்கும் தெரியாது.

முப்பத்தாறு வயது, மூன்றும் பெண் பிள்ளைகள். புருஷன் சோலைமலைக்குத் தேயிலை பெக்டரியில் வேலை. நல்லவன் என்றும் சொல்ல முடியாது, கெட்டவன் என்றும் சொல்ல முடியாது. அம்மா பேச்சைக் கேட்கிறவன். வீட்டில் நாகலெட்சுமி அதிகம் பேசமாட்டாள் என்று அவளுடைய மூத்த பெண் ஒருமுறை சொன்னபோது நாங்கள் யாருமே நம்பவில்லை.

அவள் கதைகளில் பேர் போனது ஊசிக் கதை. மூன்றாவது பெண் கேஷிகா வயிற்றில் இருந்தபோது நாள் தள்ளிப்போயும் வலி வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, மருந்து கொடுத்து வலி வரவழைத்தார்கள். நடந்தது இவ்வளவுதான். ஆனால் செடிக்கு மேலே படுக்கவைத்து மட்டம் பார்ப்பதற்கு ஒவ்வொருத்தி கையிலும் ஒரு நீளக் கம்பு இருக்குமே, மட்டக்கம்பு, அதை அவள் தூக்கிப் பிடித்துவிட்டாள் என்றால் கதை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

"ஊசின்னா என்னான்னு நெனச்சீங்க? இந்தா, இம்புட்டு நீளம். ரெண்டு நர்சு மிஸ்ஸிமாரு காலப் புடிச்சிக்கிட்டாங்க. ஒருத்தி நெஞ்சுல ஏறி ஒக்காந்துட்டா. டொக்டரு ஐயா செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியத் தீட்டுற மாதிரி அந்த ஊசியத் தீட்டுறாரு. நான் போட்ட சத்தத்துல டவுன்ல ரெண்டு கடைக்காரன் கதவச் சாத்திட்டு ஓடிட்டான்."

வருடத்துக்கு வருடம் ஊசி வளர்ந்தது. கேஷிகாகூட அந்த வேகத்தில் வளரவில்லை.

அழகம்மாவின் மருமகள் வினோதாவுக்கு இது முதல் பிள்ளை. புருஷன் துஷாந்த் கொழும்பில் ஒரு பாத்திரக் கடையில் நிற்கிறான். அவளுக்கும் சொன்ன நாள் வந்து போனது. வலி மட்டும் வரவில்லை. கிளினிக்கில் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வந்து படுத்துவிடு, மருந்து வைத்து வலி வரவழைக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்கு முந்தின நாள் மலைத் தண்ணீர் கொட்டும் பீலியடியில் பெண்கள் குளித்துக்கொண்டும் துணி துவைத்துக்கொண்டும் இருந்தோம். வினோதா ஒரு கல்லில் உட்கார்ந்து, பிறக்கப்போகும் பிள்ளைக்காகக் கிழித்து வைத்த பழைய சேலைத் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். யாரோ ஒருத்தி சும்மா இருக்காமல், "நாகு, ஒன் ஊசிதான் நாளைக்கு இவளுக்கும்" என்று எடுத்துக்கொடுத்தாள்.

நாகலெட்சுமிக்குச் சொல்லவா வேண்டும். மட்டக்கம்பு இல்லாததால் துணி துவைக்கும் கட்டையைத் தூக்கினாள். அன்று அவள் சொன்னதுபோல் அதுவரை சொன்னதே இல்லை. பன்னீர்க்குடம் உடைக்க ஒரு கொக்கி வந்தது. கொக்கியோடு சேர்ந்து குடலும் வந்தது. சவர்க்கார நுரையோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள் எல்லோரும். நடுவில் அவள் வினோதாவைப் பார்த்தாள். வினோதாவின் கை அலசுவதை நிறுத்தியிருந்தது, முகத்தில் ரத்தம் இல்லை. பார்த்த பிறகும் நாகலெட்சுமி நிறுத்தவில்லை. கேட்கிறவர்கள் அப்படிச் சிரித்தால் அவளால் நிறுத்த முடியாது.

திங்கட்கிழமை அழகம்மா மருமகளை பஸ் ஏற்றிவிட்டாள். ஹட்டனில் அக்கா பிரேமினி காத்திருப்பாள், அவளோடு சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறேன் என்று வினோதா சொல்லியிருந்தாள். மூட்டு வலிக்காரியான அழகம்மாவுக்கும் அது வசதியாகவே பட்டது. போன் எடுக்கவில்லை என்றபோது, வார்டில் போன் பேச விடமாட்டார்கள்போல என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

மறுநாள் காலையில் தோட்டத்து மிட்வைஃப் மிஸ்ஸி மூச்சு வாங்க மலைக்கே ஏறி வந்துவிட்டார். "அழகம்மா, ஒங்க மருமகள் ஏன் இன்னும் போய்ப் படுக்கல்ல? ஆஸ்பத்திரில இருந்து என்னையக் கேக்குறாங்க."

அழகம்மா அப்படியே தேயிலைச் செடி மேல் சாய்ந்துவிட்டாள். ஆளுக்கொன்று சொன்னார்கள். பஸ்ஸில் மயங்கி விழுந்திருப்பாள் என்றார்கள், துஷாந்தைத் தேடிக் கொழும்புக்குப் போயிருப்பாள் என்றார்கள். நாகலெட்சுமிக்கு உடனே தெரிந்துவிட்டது. பீலியடியில் பார்த்த அந்த முகம் கண் முன்னால் வந்து நின்றது. அந்தப் பெண்ணை விரட்டியது தான்தான். கொழுந்துக் கூடையைத் தலையிலிருந்து கழற்றி வைத்துவிட்டு, "வட்டவளையில அக்கா வீட்டுலதான் இருப்பா. நான் போய்க் கூட்டிட்டு வர்றேன் பெரியம்மா" என்றாள்.

வட்டவளையில் நடந்ததைப் பின்னால் வினோதா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாகலெட்சுமி சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

பிரேமினி வேலைக்குப் போயிருந்தாள். அடுத்த வாரம்தான் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும் என்று தங்கை அவளிடம் சொல்லி வைத்திருந்தாள். வரிசை வீடான லயத்து அறையில் வினோதா தனியாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நாகலெட்சுமியைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"நான் வரமாட்டேன் அக்கா. தானா வலி வரட்டும். வராட்டி பரவாயில்ல."

"அப்படி எல்லாம் சொல்லக் கூடாது தாயி. நாள் தள்ளுனா உள்ள புள்ளைக்குத்தான் கஷ்டம். நான் சொன்னது அம்புட்டும் பொய்."

"இப்ப சொல்றதுதான் பொய். என்னையக் கூட்டிட்டுப் போறதுக்காகச் சொல்றீங்க."

இத்தனை வருடம் சொல்லிச் சொல்லி வளர்த்த கதை. அதை இப்போது எப்படிக் கலைப்பது? நாகலெட்சுமி தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். சத்தியத்தையும் அவள் கதைக்கு நடுவில் எத்தனையோ முறை செய்திருக்கிறாள், அது வினோதாவுக்கும் தெரியும்.

"புள்ள அசையுதா?" என்று கேட்டாள்.

வினோதா தலையைக் குனிந்துகொண்டாள். "நேத்துல இருந்து கொஞ்சம் கொறவுதான்."

நாகலெட்சுமி தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, கையைக் காலை ஆட்டாமல், ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"போன ஒடனே ஒண்ணுமே செய்யல. வயித்துல ஒரு பெல்ட்டக் கட்டி, புள்ளையோட நெஞ்சு துடிக்கிறதக் கேட்டாங்க. டொக்டரம்மா கைய விட்டுப் பாத்தாங்க. அது ஒரு மாதிரியாத்தான் இருக்கும், பல்லக் கடிச்சிக்கிட்டா முடிஞ்சிடும். அப்புறம் மருந்து வச்சாங்க. கர்ப்பப்பை வாயி எளகணுமாம். அன்னைக்கு முழுக்க வார்டுலதான் நடந்துக்கிட்டு கெடந்தேன். சும்மா இருந்து சும்மா இருந்து எரிச்சல்தான் வந்துச்சு. சில பேருக்கு மருந்துக்குப் பதிலா சின்ன பலூன் மாதிரி ஒண்ணு வைப்பாங்க, அதுவும் அதுக்குத்தான். மறுநாள்தான் பன்னீர்க்கொடத்த ஒடச்சாங்க. வெதுவெதுன்னு தண்ணி போச்சு, வலிக்கல. அப்புறம் கையில சேலைன் குத்தி, அதுல மருந்த சொட்டு சொட்டா விட்டாங்க. ஊசின்னு பாத்தா அம்புட்டுதான்."

"வலி?"

"வலி வரும். அதுல பொய் சொல்லமாட்டேன். தானா வர்ற வலி மெதுவா ஏறும், இது வெரசா ஏறிடும். தாங்க முடியலன்னா வாயத் தொறந்து கேளு, வலிக்கு ஊசி இருக்கு. யாரும் காலப் புடிக்கல. ஒரு சிங்கள மிஸ்ஸி முதுகத் தடவிக்கிட்டே இருந்தா. நான் சத்தமே போடல வினோதா."

"அப்ப ஏன் அப்படிச் சொன்னீங்க?"

நாகலெட்சுமிக்கு வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. மூணாவதும் பொட்டப்புள்ளன்னு கேட்டதும் மாமியார் போனை வச்சிட்டாங்க, அவரும் வரல, என்றாள். பார்க்கிற நேரம் மணி அடிப்பாங்க, ஒவ்வொரு கட்டிலுக்கும் ஆள் வரும், பக்கத்துக் கட்டில்காரி தன் வீட்டுச் சோத்துல பாதிய எனக்குக் குடுத்தா, என்றாள். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புனதும் புள்ளையத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல நானே வந்துட்டேன், என்றாள்.

"மலைக்குப் போன மொத நாளே எல்லாரும் கேட்டாளுக, சோலைமலை வந்து பாத்தானா, என்ன வாங்கிட்டு வந்தான்னு. நான் என்னத்தச் சொல்றது? ஊசியப் பத்திப் பேச ஆரம்பிச்சேன். சிரிச்சாளுக. அப்புறம் யாரும் அதக் கேக்கல."

அந்தக் கதையில் சிரிக்க ஒன்றுமில்லை, மட்டக்கம்பு இல்லை, சொல்கிறவளுக்கே சொல்ல வரவில்லை. அதனால்தான் நம்பினேன் என்று வினோதா என்னிடம் சொன்னாள். எழுந்து, பையை எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி சிங்களத்தில் நாகலெட்சுமியைத்தான் பிடித்துத் திட்டினார். வரச் சொன்ன நாளில் வராமல் எங்கே போனீர்கள், பிள்ளை வேண்டாமா உங்களுக்கு? நாகலெட்சுமி தலையைத் தொங்கப்போட்டுக் கேட்டுக்கொண்டாள். அதில் ஒரு வார்த்தைகூடத் தனக்கு அதிகம் இல்லை என்று நினைத்தாள். உள்ளே எல்லாம் அவள் இரண்டாவது முறை சொன்ன மாதிரிதான் நடந்தது, ஒன்றைத் தவிர. பன்னீர்க்குடம் உடைத்தபோது தண்ணீர் பச்சையாக வந்தது. பிள்ளை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்திருந்தது. பிறந்ததும் அழவில்லை. தூக்கிக்கொண்டு குழந்தைகளுக்கான தனி வார்டுக்கு ஓடினார்கள். பெண் பிள்ளை.

பிள்ளை அங்கே இருந்த அத்தனை நாளும் நாகலெட்சுமி மலையில் வாய் திறக்கவில்லை. பக்கத்து நிரைக்காரிகள் கேட்டுப் பார்த்து அலுத்துப்போனார்கள். பார்க்கிற நேரத்துக்கு மட்டும் தவறாமல் போனாள், வினோதாவின் கட்டில் பக்கத்தில் நின்றாள். பிள்ளையைப் பார்க்க வா என்றால் மாட்டேன் என்றாள். அந்தச் சின்ன மூக்கில் குழாய் இருந்தது, அதைப் பார்க்கிற தைரியம் அவளுக்கு இல்லை. இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நான் உயிரோடு இருக்கக் கூடாது என்று கோயில் வாசலில் சொல்லி அழுததை என் கண்ணால் பார்த்தேன். கதையில் பாதி பொய் சொல்கிறவள்தான், ஆனால் அந்த அழுகை முழுக்க உண்மை.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து, கன்னம் உப்பி, பேர் வைக்கிற நாளும் வந்தது. லயத்து வாசலில் பாய் விரித்து, நிரைக்காரிகள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். துஷாந்த் லீவில் வந்திருந்தான். அழகம்மா நாகலெட்சுமியின் கையைப் பிடித்து எல்லோருக்கும் நடுவில் இழுத்து உட்காரவைத்தாள்.

"இவ மட்டும் அன்னைக்கு வட்டவளைக்கு ஓடலன்னா என் பேத்தி ஏது? சாமி மாதிரி வந்தா. நாகு, நீதான் மொதல்ல புள்ள காதுல பேரச் சொல்லணும்."

நாகலெட்சுமி கையை உருவிக்கொண்டாள். "நான் அதுக்கு லாயக்கு இல்ல பெரியம்மா. இவள ஓட வச்சதே நான்தான். பீலியடியில நான் சொன்ன ஊசிக் கதையக் கேட்டுப் பயந்துதான் ஓடுனா. மொகம் வெளுத்தத நான் பாத்தேன். பாத்துக்கிட்டேதான் சொன்னேன். நீங்க எல்லாம் சிரிச்சீங்க, அதான் நிறுத்தல."

பின்னாலிருந்து ஒருத்தி, "அடியே, ஒன் ஊசி இப்ப வட்டவளை வரைக்கும் நீண்டுருச்சா?" என்றாள். அவ்வளவுதான். கூட்டம் மொத்தமும் வெடித்துச் சிரித்தது. துஷாந்தும் சிரித்தான். அழகம்மா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பொய் இல்ல பெரியம்மா. சத்தியமா."

அந்தச் சத்தியத்துக்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவள் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாள் என்று அவர்களுக்குச் சந்தோஷம். வினோதா மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், அதைச் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அழகம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாகலெட்சுமிக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்புறம் என்னடி ஆச்சு, சொல்லு."